மாலை வகுப்புக் கம்பியூட்டரும் ஒரு பிள்ளை மீது நாங்கள் போட்ட பழியும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்குப் பாவித்த கம்பியூட்டர் வாங்க யோசிக்கிறவர்களும், ஊரில் கம்பியூட்டர் திருத்துகிற தம்பிமாரும் கட்டாயம் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மாலை வகுப்பு நடத்துகிற ஆசிரியர்கள் எல்லோருமாகப் பேசி முடிவெடுத்துத்தான் இதை எழுதுகிறோம். இதில் எங்கள் பிழையும் இருக்கிறது.

எங்கள் மாலை வகுப்பு அறையில் ஐந்து கம்பியூட்டர்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். நான்கு கிழடு. ஐந்தாவதைப் பிள்ளைகள் 'பெரிய மெஷின்' என்பார்கள். பக்கத்தில் கண்ணாடி, உள்ளே நீல லைட், மூன்று ஃபேன். 2019இல் வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்களும் ஊர் இளைஞர்களும் சேர்த்துத் தந்த காசில் கொழும்பில் ஒரு கடையில் பாவித்ததாக வாங்கியது. உள்ளே இருப்பது 2011இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5 2500கே ப்ரொசெசர். வாங்கும்போதே எட்டு வயது. ஆனாலும் வேகம் என்றால் வேகம். வினாத்தாள் டைப் செய்வது, ப்ரின்ட் எடுப்பது, ஐசிடி பிள்ளைகளுக்கு பாஸ்கல் ப்ரோக்ராம் செய்து காட்டுவது எல்லாம் அதில்தான்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து ஏப்ரல் வெயில் தொடங்கியதும் மெஷின் விழத் தொடங்கியது. நாலந்தா வெயில் எப்படியென்று சொல்லத் தேவையில்லை. கண்டிக்காரர்கள் இங்கு வந்தால் இரண்டு நாளில் முகம் கறுத்துப் போவார்கள். பகல் இரண்டு மணிக்கு மேல் திரை திடீரென நீலமாகி, தானாக அணைந்து, தானாக எழும்பும். சில நாள் நீலமும் வராது, சும்மா ரீஸ்டார்ட் ஆகும். இரவு இஷாவுக்குப் பிறகு போட்டால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். அதனால் ஒருவர் கரண்ட் குறைவு என்றார், ஒருவர் விண்டோஸ் பழுது என்றார். மல்டி ப்ளக்கை மாற்றினோம். விண்டோஸை ஃபோமட் செய்து திரும்பப் போட்டோம். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. அந்த இரண்டு வாரமும் மழை பெய்த வாரங்கள் என்பது அப்போது எங்கள் மூளைக்கு எட்டவில்லை.

பிறகு நடந்ததுதான் பெரிய விடயம். தரம் 11 பிள்ளைகளுக்காக இரண்டு மாதமாக இரவிரவாக டைப் செய்த வினாத்தொகுப்பு ஒன்று இருந்தது. அறுபது பக்கத்துக்கு மேல். ஒரு திங்கட்கிழமை அதைத் திறந்தால் திறக்கவில்லை. ஃபைல் பழுதடைந்துவிட்டது என்று சொல்லியது. திருத்தித் திறக்க முயன்றபோது மெஷினே விழுந்தது. முதல் நாள் மாலை அந்த மெஷினில் கடைசியாக இருந்தவர் ஒரு மாணவர். தன்னுடைய பென் டிரைவைக் குத்தி ஏதோ கொப்பி பண்ணியிருந்தார்.

எங்களுக்கு அது போதுமாக இருந்தது. பென் டிரைவில் வைரஸ் கொண்டு வந்து போட்டுவிட்டார், கேம் ஏற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டினோம். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே ஏசினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அவருடைய உம்மா வாசலில் வந்து நின்று, "அவன் ஒண்டும் போடல்ல சேர். நோட்ஸ் மட்டுந்தான் எடுத்தண்டு சொல்றான்" என்றார். நாங்கள் மரியாதையாகத்தான் பதில் சொன்னோம். ஆனால் நம்பவில்லை. அதுதான் உண்மை.

அந்தப் பிள்ளை போன பிறகும் மெஷின் விழுந்தது. கேம் போட ஆளில்லை, பென் டிரைவ் குத்த ஆளில்லை. மறுபடியும் ஃபோமட். இந்த முறை விண்டோஸ் பாதி ஏறும்போதே ஃபைல் பழுது என்று சொல்லி நின்றது. டிஸ்க்கில் குறை என்றார்கள், புது ஹாட் டிஸ்க் போட்டோம். அதிலும் அதே கதை. ரெம்மில் குறை என்றார்கள், அதையும் மாற்றினோம். மூன்று ஃபோமட் 4,500 ரூபா, ஹாட் டிஸ்க் 9,000, ரெம் 6,500. இருபதாயிரம் ரூபா, பிள்ளைகளின் பெற்றோர் மாதாமாதம் தருகிற காசிலிருந்து போனது. அந்தக் கணக்கை மறைக்காமல் இங்கே சொல்கிறோம்.

கடைசியில் மதர்போட் போய்விட்டது, மெஷினைத் தூக்கிப் போடுங்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் கட்டாரில் இதே வேலையில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் எழுதினோம். அவர் கேட்ட முதல் கேள்வி வைரஸ் பற்றியோ விண்டோஸ் பற்றியோ அல்ல. "சேர், ஒன் பண்ணின உடனே டிலீட் கீய அமத்தி பயோஸுக்குள்ள போங்க. ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. ஒண்டையும் மாத்த வாணாம்." அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "சேர், இது 33 ஓட வேண்டியது. 45 ஓடுது. ஆர் இத ஓவர்க்ளொக் பண்ணின?"

எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் பயோஸைத் தொட்டதே இல்லை. ஆறு வருடமாக அப்படித்தான் ஓடியிருக்கிறது. விற்ற கடையில் செய்தார்களா, அதற்கு முன் வைத்திருந்தவர் செய்தாரா, தெரியாது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஓவர்க்ளொக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ப்ரொசெசருக்குள் ஒரு தாளம் அடிக்கிறது. அந்தத் தாளத்துக்குத்தான் அது வேலை செய்யும். எங்கள் ப்ரொசெசரின் அடிப்படைத் தாளம் 100 மெகாஹேர்ட்ஸ், அதை 33ஆல் பெருக்கினால் 3.3 கிகாஹேர்ட்ஸ். கம்பனி அந்த வேகத்துக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. தேவைப்படும்போது தானாகவே 3.7 வரை போய் இறங்கவும் அதற்குத் தெரியும். 2500கே என்பதில் உள்ள அந்தக் 'கே' பெருக்குகிற எண்ணை நாமே மாற்றலாம் என்பதற்கான அடையாளம். யாரோ 45 என்று மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவு வேகத்துக்கு மூச்சுப் பிடிக்க வோல்டேஜையும் 1.4 வரை ஏற்றியிருக்கிறார்கள். சாதாரணமாக 1.2 வோல்ட் அளவில் ஓடுவது அது.

கணித ஆசிரியர் ஒருவர் உடனே பேப்பரை எடுத்தார். ப்ரொசெசர் தின்கிற மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 45ஐ 33ஆல் பிரித்தால் 1.36. 1.4ஐ 1.2ஆல் பிரித்து வர்க்கித்தால் அதுவும் 1.36. பெருக்கினால் ஒன்றே முக்காலுக்கும் மேல். அதாவது 95 வொட்டுக்கு என்று செய்த சாமான் 170 வொட்டுக்கு மேல் தின்கிறது. அந்த மின்சாரம் முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். ஏப்ரலில், நாலந்தாவில், ஜன்னல் பூட்டிய அறையில்.

வேகம் கூடினால் ஏன் விழுகிறது? எங்கள் தொழிலில் இருந்தே சொல்கிறோம். சொல்வதெழுதல் கொடுக்கிறோம் என்று வையுங்கள். மெதுவாகச் சொன்னால் பிள்ளை சரியாக எழுதும். கொஞ்சம் வேகமாகச் சொன்னாலும் கெட்டிக்காரப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். இன்னும் வேகமாகச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு "முடியாது சேர்" என்று சொல்லாது. ஒரு கொம்பை விடும், ஒரு காலை விடும், 'ல'வை 'ள' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்கு ஓடும். ப்ரொசெசரும் அப்படித்தான். தாளம் அடிப்பதற்குள் விடை வந்து சேராவிட்டால் பிழையான விடையோடு அடுத்த வேலைக்குப் போகும். அந்தப் பிழை விண்டோஸின் முக்கியமான இடத்தில் விழுந்தால் நீலத் திரை. நீங்கள் சேமிக்கிற ஃபைலில் விழுந்தால் மெஷின் விழாது, ஃபைல் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப் போகும். எங்கள் வினாத்தொகுப்பு போனது அப்படியாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டியது நீலத் திரைக்கு அல்ல, இதற்குத்தான்.

ஆறு வருடம் ஓடியது ஏன் இப்போது மட்டும் விழுகிறது என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் வயது போகிறது. அதிக வோல்டேஜிலும் வெப்பத்திலும் வருடக்கணக்கில் ஓடும்போது ப்ரொசெசருக்குள் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணிய ஆளிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கின்றன. முன்பு 1.4 வோல்ட்டில் பிடித்த வேகத்தைப் பிடிக்க இப்போது அதைவிடக் கூடுதலாக வேண்டும். மதர்போட்டிலும் பவர் சப்ளையிலும் இருக்கிற கபாசிட்டர்கள் வெப்பத்தில் காய்கின்றன. அவற்றின் சூடு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் பொதுக் கணக்கு. ப்ரொசெசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் பூசுகிற பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகிறது. தூசு அடைக்கிறது. ஆரம்பத்தில் இருந்த கொஞ்ச இடைவெளியை இவை ஒவ்வொன்றாகத் தின்று முடித்துவிட்டன. மிச்சமிருந்ததை ஏப்ரல் வெயில் தின்றது. இரவில் விழாததற்கும் மழை வாரத்தில் விழாததற்கும் விடை இதுதான்.

உடனே 45ஐ 33 ஆக்கிவிடலாம் என்று அவசரப்பட்டோம். கட்டாரிலிருந்து தடுத்தார். "மாத்த முந்தி ஒருக்கா டெஸ்ட் பண்ணுங்க சேர். இல்லாட்டி எதால சரியாச்சு எண்டு தெரியாமப் போகும்." இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களுக்கு எங்கள் மாணவர் பாடம் எடுத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. தரம் 6 புத்தகத்திலேயே இருக்கிற விடயம். ரெம், டிஸ்க், விண்டோஸ் என்று மூன்றையும் அடுத்தடுத்து மாற்றியபோது எங்களுக்கு அது ஞாபகம் வரவில்லை.

முதலில் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொன்னார். மெஷின் தன் நாட்குறிப்பை அங்கே எழுதி வைத்திருக்கிறது. 'கேர்னல் பவர் 41' என்று நிறையக் குறிப்புகள். அது திடீரென அணைந்தது என்று மட்டும்தான் சொல்லும், காரணம் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் 'டபிள்யூஎச்ஈஏ லொக்கர்' என்ற பெயரில் வேறு குறிப்புகள் இருந்தன. அவை வன்பொருள் தானே கொடுக்கிற முறைப்பாடு, ப்ரொசெசர் 'நான் பிழை விட்டேன்' என்று எழுதுகிற மாதிரி. பென் டிரைவில் வந்த கேம் இப்படி ஒரு குறிப்பை எழுதிவிட்டுப் போகாது. திகதிகளைப் பார்த்தோம். அந்தப் பிள்ளை வகுப்புக்கு வராமல் போன பிறகான திகதிகளிலும் அந்தக் குறிப்பு இருந்தது. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு மெம்டெஸ்ட் 86 என்ற இலவச ப்ரோக்ராமைப் பென் டிரைவில் போட்டு ஓர் இரவு முழுக்க ரெம்மைச் சோதித்தோம். ஒரு பிழையும் இல்லை. (இதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரெம்மை நம்ப முடியாது, 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது.) அடுத்த நாள் பகல், வேண்டுமென்றே வெயில் ஏறிய நேரத்தில், ப்ரைம் 95 ஓட விட்டோம். பெரிய பகா எண்களைத் தேடுகிறவர்களுக்காக 1990களில் எழுதப்பட்ட ப்ரோக்ராம் அது. விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைப் ப்ரொசெசருக்கு இடைவிடாமல் கொடுத்து, வந்த விடை சரியா என்று பார்க்கும் ஒரு சோதனையும் அதில் இருக்கிறது. ஏழாவது நிமிடத்தில் பிழை. ப்ரொசெசர் சூடு 91 பாகை. வேறொரு மெஷினின் நல்ல பவர் சப்ளையைக் கழற்றி மாட்டிப் பார்த்தோம், அதிலும் பத்து நிமிடம் தாண்டவில்லை. ஆக, பவர் சப்ளையும் குற்றவாளி அல்ல. ஆனால் டோர்ச் அடித்துப் பார்த்தபோது பழைய பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. ப்ளக்கைக் கழற்றிவிட்டு, வெளியே இருந்து ஊதித்தான் எடுத்தோம். பவர் சப்ளைப் பெட்டியை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம், கழற்றி வைத்த பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

அதன் பின்தான் பயோஸில் 'லோட் டிபோல்ட்ஸ்' கொடுத்தோம். இங்கே ஒரு குழியில் விழுந்தோம், நீங்கள் விழாமல் இருக்கச் சொல்கிறோம். மெஷின் விண்டோஸுக்குள் போகவே இல்லை. உடனே நீலத் திரை. கொன்றுவிட்டோம் என்றே நினைத்தோம். டிபோல்ட் கொடுத்தபோது ஹாட் டிஸ்க்கோடு பேசுகிற முறையும் 'ஏஎச்சிஐ'யில் இருந்து 'ஐடிஈ'க்கு மாறியிருந்தது, அந்தக் காலத்து மதர்போட்டுகளில் இது நடக்கும். முதலில் எடுத்த ஃபோட்டோக்களைப் பார்த்து அந்த ஒன்றை மட்டும் திருப்பி மாற்றியதும் எழும்பியது. ஃபோட்டோ எடுக்காமல் தொட்டிருந்தால் இன்னொரு ஃபோமட்டுக்குக் காசு கொடுத்திருப்போம்.

33இல் வைத்து, வேறு எதையும் மாற்றாமல், அதே நேரம், அதே வெயிலில் ப்ரைம் 95. மூன்று மணித்தியாலம். ஒரு பிழையும் இல்லை. சூடு 68. பிறகு தூசு தட்டி, 650 ரூபாவுக்குப் புதுப் பேஸ்ட் வாங்கிப் பூசியதும் 61க்கு இறங்கியது. நேரம் காட்டும் மணிக்கூட்டு பற்றரியையும் மாற்றினோம், 150 ரூபா. இருபதாயிரம் செலவழித்துத் தீராத நோய் 800 ரூபாவில் தீர்ந்தது. 33க்கு வந்த பிறகு டைப் செய்வதிலோ ப்ரின்ட் எடுப்பதிலோ வித்தியாசத்தைக் கண்டுபிடித்த ஒருவரும் எங்களில் இல்லை.

இனி எங்கள் கருத்தைச் சொல்கிறோம். கோபிக்க வேண்டாம்.

ஓவர்க்ளொக் செய்த மெஷினை அதைச் சொல்லாமல் விற்பது குறையை மறைத்து விற்பதுதான். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு கேட்ட அந்தச் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்தது. இங்கே மேலே நீல லைட், உள்ளே 1.4 வோல்ட். 'வேகமாக ஓடுதுதானே, அது நல்ல விடயம்தானே' என்று விற்கிறவர் நினைக்கலாம். வாங்குகிறவர் யார்? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, டைப்பிங் செய்து பிழைக்கிற சகோதரி. அவர்களுக்கு வேண்டியது எழுதியது எழுதியபடி இருப்பது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. மைக்ரோசொஃப்டில் நீண்டகாலம் வேலை செய்கிற ரேமண்ட் சென் 2005இல் ஒரு சம்பவத்தை எழுதினார். விண்டோஸ் விழும்போது கம்பனிக்குப் போகிற அறிக்கைகளில், விழவே முடியாத இடத்தில் விழுந்தவை நிறைய இருந்தன. ஓர் எண்ணைப் பூச்சியமாக்கு என்ற மிகச் சாதாரணமான கட்டளையில் எப்படி விழும்? அந்தப் பாவனையாளர்களிடம் விசாரித்தபோது பலருடையது ஓவர்க்ளொக் செய்த மெஷின். சிலருக்கு அந்தச் சொல்லே புதிது, கடைக்காரர் அப்படிச் செய்து விற்றது அதன் பிறகுதான் அவர்களுக்குத் தெரிய வந்தது. அங்கும் நம்மைப் போன்றவர்கள்தான். 2011இல் அதே கம்பனியின் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் சாதாரண கம்பியூட்டர்களின் தரவுகளை ஆராய்ந்து வெளியிட்டதிலும், ஓவர்க்ளொக் செய்தவை ப்ரொசெசர் பிழையால் விழுவது பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஒரு தடவை வன்பொருள் பிழையால் விழுந்தது மறுபடி விழும் வாய்ப்பு மிக மிகக் கூடுதல் என்றும் கண்டார்கள். 'ஒருக்காத்தானே விழுந்தது, பாப்பம்' என்று நாங்கள் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கூடின வோல்டேஜ் என்ன செய்யும் என்பதற்குப் பழைய மெஷின்தான் சாட்சி என்றில்லை. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் ப்ரொசெசர்கள் சில, பாவிப்பவர் ஒன்றும் ஏற்றாமலேயே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுத் தளர்ந்து போவதாக 2024இல் கம்பனியே ஒப்புக்கொண்டது. திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தம் இனி வரும் கேட்டைத் தடுக்கும், ஏற்கெனவே தளர்ந்ததை மீட்காது. எங்கள் 2500கேயும் இனி இளமைக்குத் திரும்பாது. 33இல் அதற்கு மூச்சு மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓவர்க்ளொக் செய்கிற இளைஞர்கள் இதை வாசித்துச் சிரிப்பார்கள் என்று தெரியும். 1998இல் செலரோன் 300ஏயை 450 மெகாஹேர்ட்ஸில் ஓட்டிய காலத்திலிருந்து இது ஒரு கலை, எத்தனையோ 2500கே 4.5இல் பத்து வருடம் ஓடியிருக்கிறது என்பார்கள். உண்மை. தன் காசில் வாங்கி, தானே ஏற்றி, தானே சோதித்து, விழுந்தால் தானே எழுப்பிக்கொள்கிறவரோடு எங்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்றுகூடச் சொல்வோம். விற்கும்போது, அன்பளிப்பாகக் கொடுக்கும்போது, அதைப் பழைய வேகத்துக்கு இறக்கிவிட்டுக் கொடுங்கள். மனமில்லாவிட்டால் ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிட்டாவது கொடுங்கள்.

திருத்துகிற தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். மெஷின் விழுகிறது என்று கொண்டு வந்தால் ஃபோமட் செய்ய முதல் பயோஸைத் திறந்து பாருங்கள். ரெண்டு நிமிட வேலை. ரெம்மில் 'எக்ஸ்எம்பி' போட்டிருந்தால் அதுவும் ஒருவகை ஓவர்க்ளொக்தான், சோதிக்கும்போது அதையும் எடுத்துவிடுங்கள். பார்த்ததற்குத் தாராளமாகக் காசு கேளுங்கள், தருவோம். தேவையில்லாத ரெம்முக்குத் தருவதைவிட அது எவ்வளவோ மேல்.

பழசைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குங்கள் என்கிறவர்களுக்கும் ஒரு சொல். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன பிறகு கம்பியூட்டர் விலை என்னவானது என்று கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளில் அநேகருக்கு இன்னும் சில வருடத்துக்குப் பழைய மெஷின்தான். பழசென்று வீசுகிறவர்கள் ஒருமுறை நாலந்தா கெடிகேயைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நீர்த்தேக்கம் வரும்போது தண்ணீருக்குள் போகாமல் இருக்க, 1975இல் அதைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் வைத்து 1980இல் திரும்பக் கட்டி முடித்தார்கள். ஆயிரம் வருடப் பழையதை எண் போட்டுக் கழற்றி மாட்டிய ஊர் இது. காசு இருந்தால் அதை வேகத்துக்குச் செலவழிக்காமல் எஸ்எஸ்டிக்கும் யூபிஎஸ்ஸுக்கும் செலவழியுங்கள். பாணந்துறையில் ஒரு குரங்கு தாவி, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். டைப் செய்துகொண்டிருந்தவர் சேமித்துவிட்டு மூட யூபிஎஸ் தருகிற ஐந்து நிமிடம் போதும். முக்கியமானதை இன்னொரு இடத்திலும் வையுங்கள். எங்கள் அறுபது பக்கம் ஒரே இடத்தில் இருந்தது, அதற்கு எந்த ப்ரொசெசரையும் குறை சொல்ல முடியாது.

வீட்டு மெஷின் அடிக்கடி விழுகிறது என்றால் வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். திரை தேவையில்லை, பெட்டி மட்டும். காசு வேண்டாம். பயோஸைப் பார்த்து, தூசு தட்டி, சோதித்துத் தருவோம், இன்ஷா அல்லாஹ்.

கடைசியாக அந்தப் பிள்ளை. ஈவென்ட் வியூவரில் திகதியைப் பார்த்த அன்று மஃரிபுக்குப் பிறகு அவருடைய வீட்டுக்குப் போனோம். வாப்பாவிடமும் உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவரிடமும் கேட்டோம். அது போதாது, எல்லோர் முன்னிலையிலும் ஏசியதை எல்லோர் முன்னிலையிலும் திரும்ப எடுக்க வேண்டும் என்று அடுத்த நாள் வகுப்பில் நின்று, நடந்ததை முதலிலிருந்து சொன்னோம். பிள்ளைகள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அமைதியாகக் கேட்டார்கள். ஆனால் அவர் அன்று வரவில்லை. ஒரு கிழமை கழித்துத்தான் வந்தார், கடைசி வாங்கில் இருந்தார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பயோஸ் ஃபோட்டோக்களைக் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சேர், 33க்கும் 45க்கும் நடுவுல 38 வெச்சா என்ன?"

வைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளைத் திறக்கிற மேசையில் அவரும் இருப்பார்.